ஆள் ஏறினால் மட்டும் வரும் ஷார்ட்

எங்கள் அம்பாசடரின் ஃபியூஸ் பெட்டியில் இருந்தவை இரண்டே ஃபியூஸ்கள். ஹாரனுக்கும் உள்விளக்குக்கும் ஒன்று. சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட், பெட்ரோல் முள் இத்தனைக்கும் சேர்த்து இன்னொன்று. அவ்வளவுதான். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் இல்லை. பார்க் லைட்டுக்கு இல்லை. இக்னிஷனுக்கு இல்லை. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரை வரும் தடித்த பழுப்பு ஒயருக்கும் இல்லை. இருந்த இரண்டில் ஒன்றின் மேல் சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளை யாரோ சுற்றி வைத்திருந்தார்கள். ஆகவே அதையும் ஃபியூஸ் என்று சொல்ல முடியாது.

இது எங்கள் காருக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். 1950களின் பிற்பகுதியில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கி 2014 வரை செய்தார்கள். முகப்பும் விளக்கும் எஞ்சினும் அவ்வப்போது மாறின, அடிப்படை மாறவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டு ஃபியூஸ்தான் வழக்கம். இரவில் ஓடும்போது ஃபியூஸ் போய் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்தில் அர்த்தம் உண்டு. ஆனால் ஒயர் புதிதாக இருக்கும்வரைதான் அது செல்லும்.

அப்பா அந்தக் காரை 1984இல் வாங்கினார். மாருதி 800 வந்த புதிது. ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். டிக்கியில் மூட்டை ஏற வேண்டும், தோட்டத்துப் பாதையில் அடி தட்டக் கூடாது என்று அம்பாசடரையே எடுத்தார். வியாபாரத்தை விட்ட பிறகு கார் தோட்டத்துச் சாளையில் பல வருஷம் நின்றது. தென்னங்கீற்றுக் கூரைக்குக் கீழே நிற்கும் காரை எலி சும்மா விடாது. பானெட்டைத் திறந்தபோது ஏர் ஃபில்டர் பக்கத்தில் தேங்காய் நாரால் கூடு கட்டியிருந்தது. ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருந்தன.

சித்தப்பா பஸ் டிப்போவில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க 24 வோல்ட் வண்டிகளோடு இருந்தவர். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “எஞ்சின் நல்லாத்தான் இருக்குங்ண்ணா. ஒயரிங்தான் போச்சு. ஒட்டுப் போடற வேலை வேண்டாம். முழுசா மாத்திரலாம்.”

“நீ சொன்னாச் செரி” என்றார் அப்பா.

பிறகு என் பக்கம் திரும்பி, “கண்ணு, நீயும் கூட இரு. படுத்து எந்திரிக்க எனக்கு முதுகு ஒத்துக்கறதில்ல” என்றார் சித்தப்பா. அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் வந்தேன்.

பழைய ஒயர்க்கட்டை வெட்டாமல் முழுதாக உருவ வேண்டும் என்று சித்தப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். நீளமும் கிளை பிரியும் இடமும் அதில்தான் இருக்கின்றன. டேஷ்போர்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் பக்கம், ஃபெண்டருக்குள் என்று கிளிப் கிளிப்பாகக் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் காகித டேப் ஒட்டி எழுதி, வெளியே எடுத்துக் கொப்பரை காயப்போடும் களத்தில் நீட்டி வைத்தோம். வெயிலில் அது ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் கிடந்தது. பழைய டேப்பின் பசை தார் போல இளகிக் கையில் ஒட்டியது.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தது எனக்குக் கிடைத்த நல்ல பாடம். கம்பெனி போட்ட ஒயர்கள் பிரிட்டிஷ் லூகாஸ் நிறுவனத்தின் நிற ஒழுங்கில் இருந்தன. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் வழியாக நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன ஒழுங்கு அது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். வெள்ளை என்றால் சாவிக்குப் பிறகு. பச்சை என்றால் சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், கறுப்பு எர்த். நிறத்தின்மேல் ஓடும் மெல்லிய கோடு கிளையைச் சொல்லும்: நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். இதை ஒருமுறை மனத்தில் ஏற்றிக்கொண்டால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று வரைபடம் இல்லாமலே பாதி தெரிந்துவிடும்.

ஆனால் அந்த ஒழுங்கின் மேல் முப்பது வருஷத்துக் கைகள் ஏறியிருந்தன. ஃபேன் போட ஒருவர், டேப் ரெக்கார்டர் போட ஒருவர், ஃபாக் லைட் போட ஒருவர். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயர்கூட ஓரிடத்தில் இருந்தது. அதிர்வு தாங்காமல் உள்ளுக்குள்ளேயே முறிந்திருந்தது. பச்சை போய்க்கொண்டிருக்கும், டேப்புக்குள் நுழையும், மஞ்சளாக வெளியே வரும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளில் செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நடுரோட்டில் நின்ற வண்டியை அன்றைக்கு வீடு சேர்க்கக் கையில் இருந்ததைப் போட்டிருப்பார்கள். நிரந்தரமாகச் செய்ய வேண்டியதைப் பிறகு யாரும் செய்யவில்லை, அதுதான் குறை.

புதுக் கட்டை நாங்களே கட்டினோம். ஒயரைக் கோவையில் நிறம் பார்த்து வாங்கி வந்தோம். பார்க் லைட், இண்டிகேட்டர் போன்றவற்றுக்கு 1 சதுர மில்லிமீட்டர், ஹெட்லைட்டுக்கு 2, முதன்மை லைனுக்கு அதைவிடத் தடிமன். லக் அடித்த இடத்திலெல்லாம் ஸ்லீவ் போட்டோம். தகட்டுத் துளை வழியாக ஒயர் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் புஷ் இல்லாமல் சித்தப்பா ஒயரை உள்ளே விடவில்லை. “தகடு கத்தி கண்ணு. வண்டி ஓட ஓட அறுத்துட்டே இருக்கும்” என்பார்.

டேஷ்போர்டிலிருந்து டிக்கிக்குப் போகும் பின்பக்கக் கட்டை மட்டும் பழையதாகவே விட்டுவைத்தோம். எலி அங்கே போகவில்லை. நிறம்கூட மங்கவில்லை. எந்த முனையிலும் ஒட்டு இல்லை. கதவுப்படி ஓரமாகத் தரைவிரிப்புக்கு அடியில் ஒழுங்காகப் படுத்திருந்தது. விரிப்பைத் தூக்கி மண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி விரித்து, சீட்டை மாட்டினோம்.

இனி பேட்டரி. இந்த இடத்தில் சித்தப்பா செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி டேஷ்போர்டில் வைத்தார். ஸ்பேனரின் கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் துண்டு இழுத்து மாட்டியிருந்தது. பாசிட்டிவ் கேபிளை முதலில் இறுக்கினார். எர்த் எப்போதும் கடைசியில் மாட்ட வேண்டும், கழற்றும்போது முதலில் கழற்ற வேண்டும். எர்த் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியைத் தொட்டால் அங்கேயே வெல்டிங்தான். ஆனால் அவர் எர்த் கேபிளை டெர்மினலில் மாட்டவே இல்லை. டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கோத்தார். 12 வோல்ட், 55 வாட் இழை.

வண்டிக்குள் போகும் மின்சாரம் முழுக்க அந்தப் பல்பு வழியாகத்தான் திரும்ப வேண்டும். உள்ளே எங்கே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஏறத்தாழ நாலரை ஆம்பியருக்கு மேல் எதுவும் போகாது. ஒயர் சூடாகாது, புகை வராது. நின்று நிதானமாகத் தேடலாம். எல்லா ஸ்விட்ச்சும் அணைந்திருந்தால் பல்பு எரியவே கூடாது. ஒரு சிறு விளக்கைப் போட்டால் அந்த விளக்கு எரியும், டெஸ்ட் பல்பு இழை மட்டும் மங்கலாகச் சிவக்கும். விளக்கு எரியாமல் டெஸ்ட் பல்பு மட்டும் பளீரென்று எரிந்தால் ஷார்ட்.

பல்பு இல்லாமல் நேராக மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம். டேஷ்போர்டிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் ஒயர் பாடியைத் தொட்டால் மொத்தம் 0.054 ஓம். 12 வோல்ட்டை அதனால் வகுத்தால் 220 ஆம்பியர் வருகிறது. பேட்டரியின் உள்தடை, ஸ்விட்ச், தொடும் இடத்தின் தடை என்று எல்லாம் சேர்ந்து அதைப் பாதிக்கும் கீழே, 100 ஆம்பியராக இறக்கிவிட்டது என்றே வைப்போம். 1200 வாட். இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 540 வாட், பென்சில் பருமன்கூட இல்லாத அந்த ஒயருக்குள்ளேயே ஏறுகிறது. அந்த ஒயர் ஓயாமல் தாங்கக் கூடியது எட்டு ஆம்பியர் சொச்சம்தான். பிவிசி உறை உருகிப் பக்கத்து ஒயர்களோடு ஒட்டும். அவையும் ஷார்ட் ஆகும். நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் செம்பு அறுகிறவரை இது நிற்காது.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் போட்டேன். சித்தப்பா பானெட்டுக்கு முன்னால் நின்று டெஸ்ட் பல்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வைப்பர், சரி. ஹாரன், சரி. இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் சரி. பார்க் லைட் ஸ்விட்ச்சை இழுத்தேன். டெஸ்ட் பல்பின் வெளிச்சம் கண்ணாடி வழியாக என் முகத்தில் அடித்தது.

“நிறுத்து கண்ணு!”

நிறுத்தினேன். இறங்கி வந்தேன். சித்தப்பா தானே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்விட்ச்சை இழுத்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட் விளக்கு என எல்லாப் பார்க் லைட்டும் எரிந்தன. டெஸ்ட் பல்பு இழை மட்டும் சிவந்தது. ஒரு குறையும் இல்லை. என்னை மறுபடி உள்ளே உட்காரச் சொல்லி இழுக்கச் சொன்னார். பளீர்.

“இதென்னுங்க சித்தப்பா, நான் தொட்டா மட்டும் வருது?”

“நீ தொடறதால வரலை. நீ உக்கார்றதால வருது” என்றார் அவர். உடனே சொல்லவில்லை. ஸ்விட்ச்சை முழுதாக ஒதுக்கிவிட்டு, வெளியிலிருந்து ஒரு துண்டு ஒயரால் பார்க் லைட் லைனுக்கு நேராக மின்சாரம் கொடுத்தார். ஆள் இல்லாதபோது விளக்குகள் எரிந்தன. நான் உட்கார்ந்ததும் அவை அணைந்து டெஸ்ட் பல்பு எரிந்தது. ஸ்விட்ச் குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகுதான் அப்படிச் சொன்னார்.

வந்து வந்து போகும் ஷார்ட்தான் எலக்ட்ரீஷியனை அலைய வைப்பது. இருக்கும்போது தேட ஆள் இல்லை. தேட இறங்கினால் ஷார்ட் இல்லை. சாதாரணமாக இந்த இடத்தில்தான் ஊகம் தொடங்குகிறது. ஸ்விட்ச்சை மாற்று, ஹோல்டரை மாற்று, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் டேப் சுற்று என்று வேலை கைமாறிப் போகும். எதையாவது அசைத்ததில் ஷார்ட் தற்செயலாக விலகியிருந்தால், “சரியாயிடுச்சு” என்று பேட்டரியை நேராக மாட்டி வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அது போனதல்ல, ஒளிந்துகொண்டது.

சித்தப்பா அதைச் செய்யவில்லை. சாளையின் மூலையில் கொப்பரை மூட்டைகள் இருந்தன. ஒன்றைப் பிடி என்றார். இருவரும் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். டெஸ்ட் பல்பு பளீரென்று எரிந்து அப்படியே நின்றது. வந்துபோகும் ஷார்ட் இப்போது நிலையான ஷார்ட் ஆகிவிட்டது. தேட இருவர் கையும் வெளியில் இருந்தன. எனக்கு அந்த நாள் முழுவதிலும் மிகப் பெரிய காரியமாகப் பட்டது அந்த மூட்டைதான். கருவியால் செய்ய முடியாததை ஒரு யோசனை செய்தது.

அடுத்து மீட்டரை எடுத்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூட்டையையும் இறக்கிவிட்டு, சிவப்பு ஒயருக்கும் பாடிக்கும் இடையில் வைக்கச் சொன்னார். மீட்டர் கத்தியது. 0.4 ஓம். மூட்டை இல்லாதபோதே ஷார்ட் காட்டுகிறதே என்று அவர் முகத்தைப் பார்த்தேன். “பல்பையெல்லாம் கழட்டிட்டு வை” என்றார்.

இதைப் பலர் கவனிப்பதில்லை. 5 வாட் பல்பு எரியும்போது அதன் இழையின் தடை 29 ஓம் அளவில் இருக்கும். ஆறிய நிலையில் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான். அப்படி ஐந்தாறு பல்புகள் பக்கவாட்டில் இணைந்திருந்தால் மீட்டருக்குத் தெரிவது அரை ஓம். நல்ல நிலையில் இருக்கும் லைனும் மீட்டரின் ஓசைக்கு ஷார்ட் மாதிரியே தெரியும். பல்புகளைக் கழற்றி வைத்தேன், மீட்டர் அமைதியானது. மூட்டையை ஏற்றினோம், மறுபடி கத்தியது. இப்போதுதான் அந்த ஓசைக்குப் பொருள் உண்டு.

பிறகு பாதி பாதியாக வெட்டினோம். ஒயரை வெட்டவில்லை, லைனைத்தான். டேஷ்போர்டுக்குக் கீழே பின்பக்கக் கட்டு சேரும் கனெக்டரை இழுத்துப் பிரித்தார். முன்பக்கம் சுத்தம். அப்படியானால் நாங்கள் புதிதாகக் கட்டியதில் குறை இல்லை. டிக்கியில் இருந்த கனெக்டரையும் பிரித்தோம். ஷார்ட் அப்படியே இருந்தது. அப்படியானால் டிக்கிக்கு உள்ளேயும் இல்லை. இரண்டு பக்கமும் கழன்று தனியே கிடக்கும் அந்த நடு ஒயரில், தரைவிரிப்புக்கு அடியில், எங்கோ பாடியைத் தொடுகிறது. முழு வண்டியில் தொடங்கிய தேடல் கதவுப்படி நீளத்துக்கு வந்துவிட்டது. இதற்குச் சந்தேகமோ அனுபவமோகூடத் தேவைப்படவில்லை, வரிசை மட்டும்தான் தேவைப்பட்டது.

மூட்டை சீட்டில் இருக்க, மீட்டர் கத்திக்கொண்டிருக்க, நான் தரையில் மண்டியிட்டு விரிப்பை ஓரத்திலிருந்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனேன். நடுத்தூண் அருகே அழுத்தியபோது ஓசை விட்டு விட்டு வந்தது. அங்கே கதவுப்படிமேல் அலுமினியப் பட்டை ஒன்று ஸ்க்ரூக்களால் பிடித்திருந்தது. சித்தப்பா ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தளர்த்தினார். ஒன்றைத் திருப்பியதும் மீட்டர் நின்றது.

அந்த ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு நீளம். உடல் முழுக்கத் துரு. நுனி மட்டும் செம்பில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மரையின் பள்ளத்தில் சிவப்பு பிவிசி நூலிழை அளவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. விரிப்பைத் தூக்கிக் கட்டின் டேப்பைப் பிரித்தோம். பார்க் லைட்டின் சிவப்பு ஒயரில் ஊசி குத்திய மாதிரி ஒரு துளை, அதைச் சுற்றி உறை கறுத்து வெடித்திருந்தது. உள்ளே பதினான்கு இழைகளில் சில அறுந்திருந்தன.

எப்போதோ டிங்கர் வேலைக்கும் பெயிண்டுக்கும் விட்டபோது பட்டையைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். கையில் கிடைத்த நீள ஸ்க்ரூ ஒன்று அந்தத் துளைக்குப் போயிருக்கும். ஸ்க்ரூவின் நுனி ஒயரின் உறையை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் விரிப்பை எடுத்துத் திரும்ப விரித்ததில் கட்டு ஒரு நூல் நகர்ந்திருக்கும். ஆள் உட்கார்ந்தால் சீட்டின் கால் தரைத் தகட்டை மயிரளவு அமுக்கும். கட்டு தரையோடு இறங்கும், ஸ்க்ரூ படியோடு நிற்கும், நுனி செம்பைத் தொடும்.

சாயங்காலம் அப்பா வந்ததும் ஸ்க்ரூவைக் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆனைமலை ரோட்டுல பள்ளத்துல இறங்கறப்பெல்லாம் பார்க் லைட்டு ஒரு வெட்டு வெட்டும். பேட்டரி டெர்மினல் லூஸுன்னு நெனச்சு இறுக்கிட்டே இருந்தேன்” என்றார்.

சித்தப்பாவின் முகம் மாறியது. அத்தனை வருஷமும் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த லைன் ஒரு கணம் ஷார்ட் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. கணம் நீண்டிருந்தால்? அம்மாவும் நாங்களும் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த ராத்திரிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்தக் காரில் நாங்கள் எத்தனையோ கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறோம்.

குத்துப்பட்ட இடத்தில் டேப் சுற்றி விட்டுவிடலாமா என்று நான் கேட்கவே இல்லை. அவரும் அதை நினைக்கவில்லை. பின்பக்கக் கட்டையும் முழுதாக மாற்றினோம். புதுக் கட்டு கதவுப்படியை விட்டு விலகி, நெளிவுக் குழாய்க்குள் போகிறது. பட்டைக்குச் சரியான நீளத்தில் ஸ்க்ரூ போட்டோம்.

பிறகு ஃபியூஸ். கம்பெனி கொடுத்த இரண்டோடு நிறுத்தக் கூடாது என்பதில் சித்தப்பாவுக்கு மாற்று எண்ணம் இல்லை. பிளேடு ஃபியூஸ் பெட்டி ஒன்றை வைத்து, ஹை பீமுக்குத் தனி, டிம்முக்குத் தனி, வலப்பக்கப் பார்க் லைட்டுக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்தோம். ஒன்று போனாலும் வண்டி முழு இருட்டில் விழாது. பழைய நியாயமும் காப்பாற்றப்பட்டது. ஹெட்லைட் மின்சாரம் ஸ்விட்ச்சுக்குள் வராமல் ரிலே வழியாகப் போகிறது. பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு லைனுக்கு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே, முதன்மை ஃபியூஸ் ஒன்று. செல்ஃப் மோட்டார் கேபிளுக்கு மட்டும் ஃபியூஸ் வைக்க முடியாது. எஞ்சினைச் சுழற்றும் கணத்தில் அது இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். அதற்காக எர்த் கேபிளில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச். கார் நிற்கும்போதெல்லாம் அது அணைந்தே இருக்கும்.

ஃபியூஸ் அளவில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது அறுந்துபோகும் அளவு. ஓயாமல் தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் ஃபியூஸில் எழுதியிருப்பது ஓயாமல் தாங்கும் அளவு. பழையதைப் பார்த்து 35 என்று கேட்டு வாங்கிப் போட்டால் ஒயர் தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு வழிவிட்டதாகிறது. எண் ஒன்றுதான், காவல் பாதி. பழைய கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடேயே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து மறுபடி அதே டெஸ்ட் பல்பைக் கோத்து, அதே மூட்டையைச் சீட்டில் ஏற்றி, ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் பார்த்தோம். கதவுகளை அடித்துச் சாத்தினோம். டிக்கியைத் திறந்து மூடினோம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினோம். நான் பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டினேன். டெஸ்ட் பல்பு ஒருமுறையும் பளீரென்று எரியவில்லை. அதற்குப் பிறகுதான் சித்தப்பா பல்பை எடுத்துவிட்டு எர்த் கேபிளை நேராக மாட்டினார்.

கார் இப்போதும் ஓடுகிறது. அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறார். உறவில் யாராவது பழைய வண்டியை எடுத்து ஓட்டப் போகிறேன் என்றால் பெயிண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்கள் ஃபியூஸ் பெட்டியை நான் திறந்து பார்த்துவிடுகிறேன்.

உங்களிடமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பழைய வண்டி வைத்திருந்தால் இன்றைக்கே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளித்தாளோ செம்பு இழையோ சுற்றியிருந்தால் அதை எடுத்து எறிந்துவிட்டு, ஒயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸைப் போடுங்கள். அது மறுபடி போனால் பெரிய ஃபியூஸைத் தேடிப் போகாதீர்கள்; ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொண்டு ஷார்ட்டைத் தேடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதன்மை ஃபியூஸ் ஒன்றை வையுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தடவை பெட்ரோல் போடும் காசுகூட இல்லை.